எதிராளி

இணையத்தில் சதுரங்கம் ஆடுகிறவர்களுக்கு எப்போதாவது ஓர் அறிவிப்பு வரும். அண்மையில் உங்களை வென்ற ஒருவர் ஆட்ட நேர்மையை மீறியிருக்கிறார், அவரிடம் நீங்கள் இழந்த தரப்புள்ளிகளைத் திருப்பிச் சேர்த்துவிட்டோம் என்று. எனக்கும் ஒரு நாள் காலையில் வந்தது. யார் என்று அதில் பெயர் இராது. பழைய ஆட்டங்களைப் புரட்டிப் பார்த்தால் எந்தக் கணக்கு மூடப்பட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

தெரிந்ததும் மனசு சங்கடப்பட்டது. நான் மிகவும் ரசித்துத் தோற்ற ஆட்டம் அது. நடு ஆட்டத்தில் அவர் ஒரு குதிரையைச் சும்மா தூக்கிக் கொடுத்தார். வெட்டினேன். எதற்காகக் கொடுத்தார் என்பது ஐந்தாறு நகர்வுகளுக்குப் பிறகுதான் விளங்கியது. என் ராஜா ஒதுங்க இடமில்லாமல் மூலையில் நின்றது. எங்கோ முகம் தெரியாத ஒருவர், வேலை முடிந்து வந்து, நடு ராத்திரியில் உட்கார்ந்து இவ்வளவு தூரம் யோசித்திருக்கிறாரே என்று மரியாதை பொங்கியது. அந்த ஆட்டத்தை மறுநாள் நண்பர் ஒருவருக்கும் காட்டினேன். புள்ளிகள் திரும்பி வந்துவிட்டன. அந்த மரியாதையை யாரிடமிருந்து திரும்ப வாங்குவது?

இப்படி ஆடுகிறவர்களை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று அதன் பிறகு தேடிப் படித்தேன். ஸ்டாக்ஃபிஷ் என்ற சதுரங்க நிரல் இலவசம். எந்தக் கைபேசியிலும் ஓடும். உலகச் சாம்பியனாலும் அதை வெல்ல முடியாது. ஒருவருடைய நகர்வுகள் அது சொல்லும் நகர்வுகளோடு எவ்வளவு தூரம் ஒத்துப்போகின்றன என்று பார்ப்பது ஒரு வழி. எனக்குப் பிடித்தது இன்னொரு வழி. நம் யானையை எதிராளி வெட்டினால், அவர் காயைத் திருப்பி வெட்ட நமக்கு அரை விநாடி போதும். சிக்கலான இடத்தில் ஒரு நிமிடம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காருவோம். திரையைப் பார்த்து நகர்வை எழுதிக்கொள்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். அற்பமான நகர்வுக்கும் ஆறு விநாடி, அபாரமான நகர்வுக்கும் ஆறு விநாடி. தயங்காததால் பிடிபடுகிறார்கள். மனிதர் ஆடுகிறார் என்பதற்குத் தயக்கம்தான் சாட்சி என்று ஒரு கணக்கு கண்டுபிடித்திருப்பது எனக்கு மிகுந்த சந்தோஷத்தைக் கொடுத்தது.

பரிசும் இல்லை, பணமும் இல்லை, பெயர்கூட இல்லை. பிறகு எதற்கு ஏமாற்ற வேண்டும் என்று கேட்கிறவர்கள் 2021 ஜூன் மாதத்தை நினைத்துப் பார்க்கலாம். கொரோனா நிவாரணத்துக்கு நிதி திரட்ட, விஸ்வநாதன் ஆனந்த் பிரபலங்கள் பலரோடு ஒரே நேரத்தில் இணையத்தில் ஆடினார். நடிகர்கள், பாடகர், கிரிக்கெட் வீரர் என்று பலரும் கலந்துகொண்டார்கள். ஐந்து முறை உலகச் சாம்பியனான ஆனந்த், ஜெரோதா என்ற பங்குத் தரகு நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான நிகில் காமத்திடம் தோற்றார். மறுநாளே காமத், ஆட்டத்தை அலசிச் சொன்ன ஆட்களும் கணினியும் தனக்கு உதவியதாக ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். விளையாட்டாகச் செய்தது, நல்ல காரியத்துக்காகச் செய்தது என்பது அவர் தரப்பு. ஆனந்த் பெரிதாக எதுவும் பேசவில்லை. பலகையில் இருந்த நிலையைத்தான் தான் ஆடியதாகவும், மற்ற எல்லோரிடமும் அதையே எதிர்பார்த்ததாகவும் சுருக்கமாகச் சொன்னார். ஆட்டத் தளம் மூடியிருந்த காமத்தின் கணக்கும் பிறகு திறக்கப்பட்டது.

நல்ல காரியத்துக்கான ஆட்டம்தானே என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியவில்லை. தோற்றால் எதுவும் போகாது என்ற இடத்தில் கூட ஒருவர் தன் சொந்தக் கையால் ஆடமாட்டார் என்றால், எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு அவர் கொடுக்கிற மதிப்பு என்ன? ஆனந்த் அன்று தன் யோசனையைக் கொடுத்தார். பதிலுக்கு அவருக்கு இன்னொரு மனிதரின் யோசனை வந்திருக்க வேண்டும்.

கள்ளாட்டம் எனக்குப் புதிதல்ல. எங்கள் அத்தை வீடு குத்தாலத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் இருந்தது. முழுப்பரீட்சை லீவு முழுக்க அங்கேதான். மத்தியானச் சாப்பாடு முடிந்து பாத்திரங்களை ஒழித்துப் போட்டதும் திண்ணையில் தாயம் ஆரம்பமாகிவிடும். கட்டத்தைச் சுண்ணாம்புக் கட்டியால் வரைவார்கள். அத்தை, எதிர்வீட்டுப் பெரியம்மா, கீழத்தெருவிலிருந்து இரண்டு அக்காமார். புளியங்கொட்டையும் வளையல் துண்டும் காய்கள். பித்தளைத் தாயக்கட்டை அத்தையின் சீதனத்தோடு வந்தது.

எதிர்வீட்டுப் பெரியம்மாவுக்குக் கட்டையை உருட்ட வராது. வைப்பார். உள்ளங்கையில் இரண்டு கட்டைகளையும் தேய்ப்பது போலத் தேய்த்து, தரைக்கு ஒரு விரற்கடை உயரத்தில் இருந்து மெதுவாக விடுவார். தாயம் வேண்டும் என்றால் தாயம் விழும். பன்னிரண்டு வேண்டும் என்றால் பன்னிரண்டு. காயை நகர்த்தும்போது எண்ணுவது அதைவிட வேகம். மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவில் நாலு காணாமல் போய்விடும். "அக்கா, உருட்டுங்க, வைக்காதீங்க" என்பாள் அத்தை. "நான் வச்சதை நீ பாத்தியா?" என்பார் பெரியம்மா. "ஊரே பாத்துச்சு!" உடனே பெரியம்மா புடவையை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார். "இனிமே இந்தத் திண்ணையை மிதிச்சேன்னா என்னன்னு கேளு." மறுநாள் மத்தியானம் வெற்றிலைச் செல்லத்தோடு முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருப்பவரும் அவர்தான்.

ஒரு லீவில் அத்தை ஒரு புது விதி கொண்டுவந்தாள். யார் உருட்டினாலும் கட்டை திண்ணைத் தூணைத் தொட்டுவிட்டு வந்துதான் விழ வேண்டும், தொடாவிட்டால் செல்லாது. யாருக்காக இந்த விதி என்று அத்தனை பேருக்கும் தெரியும். ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பெரியம்மாவும் தலையாட்டினார். அதற்குப் பிறகு அவருக்குத் தாயம் விழுவது குறைந்தது, வருவது குறையவில்லை. ஒருவரைத் திருடி என்று சொல்லாமல், ஆட்டத்தை விட்டு அனுப்பாமல், எல்லோருக்கும் பொதுவாக ஒரு தூணை நடுவில் கொண்டுவந்து வைத்த அந்தப் புத்தியை, பள்ளிக்கூடம் போகாத என் அத்தையிடம் பார்த்ததை இன்றுவரை பெரிதாக நினைக்கிறேன்.

சண்டை முற்றினால் அத்தை சொல்லும் கதை ஒன்று உண்டு. பக்கத்தில் இருக்கும் தேரழுந்தூரின் தலபுராணம் அது. சிவனும் பெருமாளும் சொக்கட்டான் ஆடுகிறார்கள், பார்வதி நடுவர். தகராறு வருகிறது. பார்வதி அண்ணன் பக்கம் தீர்ப்புச் சொல்ல, சிவன் கோபித்துக்கொண்டு அவளைப் பசுவாகப் போகும்படி சபித்துவிடுகிறார். "ஆடுனவங்களுக்கு ஒண்ணும் ஆவல பாரு, நடுவுல நின்னவளுக்குத்தான் சாபம்" என்பாள் அத்தை. கேட்டவர்கள் அடங்கிவிடுவார்கள். கம்பர் பிறந்த ஊர் என்று பின்னாளில் பள்ளிக்கூடத்தில் படித்தபோது, எனக்குத் தேரழுந்தூர் ஏற்கெனவே நடுவர் பசுவான ஊராகத்தான் தெரிந்திருந்தது.

இணையச் சதுரங்கத்தில் இன்று நடுவில் நிற்பது, கள்ளாட்டத்தைப் பிடிக்கும் ஒரு கணக்கு. அதற்கு அண்ணனும் இல்லை, புருஷனும் இல்லை. அந்த வகையில் நல்லதுதான். ஆனால் அதனிடம் யாரும் சண்டை போட முடியாது. அதனால் மனிதர்கள் ஒருவரை ஒருவர் சந்தேகிக்கிறார்கள். நன்றாக ஆடினாலே, "பக்கத்தில் என்ன ஓடிக்கொண்டிருக்கிறது?" என்று கேட்டு எழுதுகிறார்கள். இந்தச் சந்தேகம் பெரிய ஆட்டக்காரர்களிடமும் பரவிவிட்டது. அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் டேனியல் நரோடிட்ஸ்கி, சாதாரண ஆட்டக்காரர்களுக்கு இணையத்தில் பொறுமையாகப் பாடம் சொல்லித் தந்தவர். ஒவ்வொரு நகர்வையும் ஏன் ஆடுகிறேன் என்று பேசிக்கொண்டே ஆடுவார். முன்னாள் உலகச் சாம்பியன் விளாடிமிர் கிராம்னிக் அவர் ஆட்டத்தின்மேல் பொதுவெளியில் திரும்பத் திரும்பச் சந்தேகம் கிளப்பினார். நரோடிட்ஸ்கி அதை மறுத்தார். கடைசி மாதங்களில் அது தன்னை வாட்டுவதாகப் பேசவும் செய்தார். 2025 அக்டோபரில், 29 வயதில் இறந்துபோனார். இரண்டையும் முடிச்சுப் போட எனக்கு உரிமை இல்லை. அவர் பாடங்களைக் கேட்டு வளர்ந்தவர்களின் துக்கத்தைப் படித்தேன். ஆதாரம் கையில் இல்லாமல் யாரையும் கள்ளாட்டக்காரர் என்று சொல்லக்கூடாது என்பதில் எனக்கு அதன் பிறகு எந்தச் சமரசமும் இல்லை.

ஆட்டத்தை நடத்துகிற நிறுவனங்களும் இதில் கைசுத்தம் என்று சொல்லிவிட முடியாது. பப்ஜி போன்ற கைபேசி ஆட்டங்களில் புதிதாக வருகிறவர் சுட்டு வீழ்த்துவது பெரும்பாலும் மனிதர்களை அல்ல, மனிதப் பெயர் சூட்டிய நிரல்களைத்தான். வெற்றிக் களிப்பில் திரும்பத் திரும்ப வரட்டும் என்று இந்த ஏற்பாடு. எங்கள் தெருவிலும் சின்னப் பிள்ளைகளை ஒப்புக்குச் சப்பாணியாகச் சேர்த்துக்கொள்வோம். அவுட் ஆனாலும் அவுட் இல்லை. ஆனால் அது தெரு முழுக்கத் தெரிந்த சலுகை, ஒரு கட்டத்தில் அந்தப் பிள்ளைக்கும் தெரியும்.

அழுகுணி ஆட்டக்காரர்கள் இணையத்திலும் இருக்கிறார்கள். தோற்பது உறுதியானதும் நகர்த்தாமல், மிச்சமிருக்கிற ஏழெட்டு நிமிடத்தையும் ஓடவிட்டு நம்மைக் காக்க வைப்பார்கள். எரிச்சல்தான். இருந்தாலும் எனக்கு அவர்கள்மேல் வன்மம் இல்லை. அந்தப் பக்கம் ஒருவர் தோல்வி தாங்காமல் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிகிறது. பெரியம்மா புடவையை உதறுவது மாதிரி. கணினியைப் பார்த்து ஆடுகிறவர் அப்படிக்கூட அங்கே இல்லை. அவர் நாற்காலியைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டார், நான் அது தெரியாமல் மரியாதை செய்துகொண்டிருக்கிறேன்.

லிசெஸ் என்ற இணையச் சதுரங்கத் தளத்தில் தவறிப்போய் வைத்த காயைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா என்று எதிராளியிடம் கேட்க ஒரு பொத்தான் உண்டு. பலர் சம்மதிப்பார்கள். கைதவறியதால் கிடைக்கும் வெற்றி வேண்டாம் என்கிற அந்த முகம் தெரியாத மனிதர்களை நம்பித்தான் இன்னும் ஆடுகிறேன்.

கணினியின் பலம் வேண்டும் என்கிறவர்களுக்கு அதே தளத்தில் ஸ்டாக்ஃபிஷ் எட்டு நிலைகளில் இரவு பகலாகக் காத்திருக்கிறது. காசு கேட்காது, எத்தனை முறை தோற்றாலும் யாரிடமும் சொல்லாது. அதோடு ஆடுங்கள். மனிதரோடு ஆட வந்து உட்கார்ந்தால், தப்போ சரியோ, உங்கள் நகர்வை நீங்களே ஆடுங்கள்.