முதலில் ஆட்டம், பிறகு அளவு



உங்கள் பிள்ளை உங்களிடம் வந்து, "அப்பா, இதில் ஏதோ சரியில்லை" என்று சொன்னால் நீங்கள் என்ன செய்வீர்கள்? அந்தப் பொருளைக் கையில் வாங்கிப் பார்ப்பீர்களா, அல்லது பிள்ளையைத் திருத்தத் தொடங்குவீர்களா? நான் இரண்டாவதைச் செய்தவன். அதனால் என் மகளுக்கு ஒரு போட்டி நாளும், எனக்கு அவளுடைய நம்பிக்கையில் ஒரு பங்கும் போயிற்று. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். உங்களில் ஒரு தகப்பனுக்காவது இது பயன்படட்டும்.

பிழைப்புக்காகத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து புனே நகருக்கு வந்து 27 ஆண்டுகள் ஆகின்றன. பிம்ப்ரி-சிஞ்ச்வட் பகுதியில் ஒரு தொழிற்சாலையின் டூல்ரூமில் பிட்டராக இருக்கிறேன். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைக் கையால் தடவியே சொல்லிவிடுவேன் என்ற பெருமை எனக்கு உண்டு. என் மூத்த மகள் எட்டாம் வகுப்பில் படித்தபோது, பள்ளியில் ஏர் பிஸ்டல் சுடும் பயிற்சியில் சேர்ந்தாள். சபையிலுள்ள மூத்த சகோதரி ஒருவர், "நம் வீட்டுப் பெண்பிள்ளைக்குத் துப்பாக்கி எதற்கு?" என்று கேட்டார். "காகிதத்தைத் துளைக்கிற துப்பாக்கிதான் அம்மா" என்று சிரித்துக்கொண்டே பதில் சொன்னேன். தொழிற்சாலைக் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்கி, ஒருவர் பயன்படுத்தி விற்ற பிஸ்டலை அவளுக்கு வாங்கிக் கொடுத்தேன்.

இந்த விளையாட்டை அறியாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். 10 மீட்டர் தூரத்தில் குறிப்பலகை இருக்கும். அதன் நடுவிலுள்ள பத்துப் புள்ளி வட்டம் 11.5 மில்லிமீட்டர் அகலமே உடையது. ஏறக்குறைய ஒரு சட்டைப் பொத்தான் அளவு. பிஸ்டலை ஒரே கையில் நீட்டிப் பிடித்து, 4.5 மில்லிமீட்டர் ஈயக்குண்டுகள் 60 சுடவேண்டும். முழு மதிப்பெண் 600. பிஸ்டலின் முன்குறி ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் குண்டு ஏறத்தாழ 30 மில்லிமீட்டர் விலகிப்போகும். ஆகவே, கை எவ்வளவு உறுதியாயிருந்தாலும், கடைசி நொடியில் விரல் விசையை எப்படி அழுத்துகிறது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

டிரிகர் என்று நாம் சொல்லும் அந்த விசை இரண்டு கட்டமாக வேலை செய்யும். விரலை வைத்து இழுத்தால், முதலில் சிறிது தூரம் மெத்தென்று பின்னே வரும். பிறகு ஒரு சுவரில் முட்டியதுபோல் நிற்கும். அதற்குமேல் சற்றே அழுத்தினால் அந்தச் சுவர் உடைந்து குண்டு பாயும். உள்ளே சுத்தியலைப் பிடித்து நிறுத்தியிருக்கிற சியர் என்னும் சிறு கொக்கி விடுபடுவதைத்தான் விரல் அப்படி உணர்கிறது. பழகிய கைக்கு அந்தச் சுவர் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் தட்டுப்படவேண்டும்.

விரலைக் குற்றம் சொன்னேன்

2022-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஒரு நாள் அவள், "அப்பா, விசை இழுபடுகிறது. சுவர் வந்தபிறகும் கொஞ்சம் நகர்கிறது" என்றாள். அப்போது அவள் 550-க்கு மேல் எடுத்துக்கொண்டிருந்தவள். பத்து நாளில் 540-க்கு இறங்கியிருந்தாள். நான் பிஸ்டலை வாங்கி இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, "இதில் ஒன்றுமில்லை. உன் விரல்தான் அவசரப்படுகிறது" என்றேன். குண்டுகள் இடப்பக்கம் கீழே விழுந்திருந்தன. வலது கைக்காரர் விசையைப் பறித்தால் அப்படி விழுவது வழக்கம் என்று எங்கோ கேட்டிருந்தேன். அந்த அரைகுறை அறிவே எனக்குப் போதுமாயிருந்தது.

அவள் மறுபடியும் சொன்னாள். நானும் அதையே சொன்னேன். மூன்றாவது தடவைக்குப் பிறகு அவள் என்னிடம் சொல்வதை நிறுத்திவிட்டாள். இரவில் வெறுஞ்சுவருக்கு முன்பாக நின்று, குண்டில்லாமல் நூறு தடவை, இருநூறு தடவை விரலைப் பழக்கிக்கொண்டிருந்தாள். அதைக் கண்டு, "பிள்ளை திருந்துகிறாள்" என்று நான் மகிழ்ந்தேன்.

இரண்டு மாதம் கடந்தும் மதிப்பெண் ஏறவில்லை. போட்டிக்கு ஐந்து நாள் இருக்கும்போது, அவள் தூங்கியபின், பிஸ்டலை எடுத்து என் மேசையில் வைத்தேன். உதவி செய்யவேண்டும் என்ற எண்ணந்தான், பொய் சொல்லவில்லை. ஆலன் கீயால் ஒரு திருகாணியைத் தளர்த்தினேன், இன்னொன்றை உள்ளே செலுத்தினேன், மூன்றாவதையும் தொட்டேன். எதை எத்தனை சுற்று திருப்பினேன் என்று எழுதி வைக்கவில்லை. முடிவில் விசை வெண்ணெயைப்போல் விடுபட்டது. என் கைத்திறனை நானே மெச்சிக்கொண்டு படுத்தேன். காலையில் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் பயிற்சியிலிருந்து வந்தவள் வழக்கத்தைவிட அமைதியாயிருந்தாள்; ஏன் என்று நான் கேட்கவுமில்லை.

சோதனை மேசையில்

போட்டிக்கு முன்பு ஒவ்வொரு பிஸ்டலும் உபகரணச் சோதனை மேசைக்கு வரவேண்டும். ஏர் பிஸ்டலின் விசை 500 கிராம் எடையையாவது தாங்கவேண்டும் என்பது சர்வதேச விதி. துப்பாக்கியைத் தயார்நிலையில் வைத்து, குழல் மேல்நோக்கி நிற்க, விசையில் 500 கிராம் எடையை மாட்டி மெதுவாகத் தூக்குவார்கள். எடை மேலெழும்பும்வரை விசை விடுபடாதிருந்தால் தேர்ச்சி. மூன்று தடவை வாய்ப்பு உண்டு.

என் மகளின் பிஸ்டல் முதல் தடவையே 'டக்' என்று விடுபட்டது. இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை எடை மேசையைவிட்டு எழும்பவேயில்லை. அதிகாரி அவளை நிமிர்ந்து பார்த்து, "விசையைக் குறைத்தாயா?" என்று கேட்டார். "இல்லை ஐயா, நான் எதையும் தொடவில்லை" என்றாள். தடுப்புக்கு இப்பால் நின்றுகொண்டிருந்த எனக்குத் தொண்டை அடைத்தது. அவள் உண்மையைச் சொன்னாள், அவர் நம்பவில்லை. உண்மையை அறிந்த நானோ வாய் திறக்கவில்லை.

பயிற்சியாளர் விரைந்து வந்து, முதற்கட்டத்தின் வில்லை இறுக்கி எடையை ஏற்றினார். பிஸ்டல் தேறிவிட்டது. ஆனால் இரண்டாம் கட்டத்தை நான் ஏற்கெனவே கெடுத்திருந்தேன். முதற்கட்டம் கனத்தது; சுவரோ காணாமற்போயிற்று. அவள் குறிபார்த்து நிலைப்பதற்குள் குண்டுகள் பாய்ந்தன. அன்று அவள் எடுத்தது 529.

வீட்டுக்குத் திரும்பும் பேருந்தில் நான் நடந்ததைச் சொன்னேன். அவள் வெகுநேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "திருகாணியைத் திருப்பியதுகூடப் பெரிதல்ல அப்பா. இரண்டு மாதமாக என் விரலையே குற்றம் சொன்னீர்களே. நானும் அதை நம்பிவிட்டேனே" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. "மன்னித்துவிடு அம்மா" என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லத் தோன்றவில்லை.

கோளாறு எங்கே இருந்தது?

அடுத்த வாரம் பயிற்சியாளர் முன்னிலையில் இருவரும் உட்கார்ந்தோம். அவர் பிஸ்டலைத் திறந்து, உள்ளே குண்டில்லை என்று எங்கள் இருவருக்கும் காட்டினார். பிறகு எந்தத் திருகாணியையும் தொடாமல், விசையின் நாக்கை இரு விரலால் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தார். அது ஆடியது! விரல் படும் அந்த நாக்கை அதன் தண்டோடு பிணைத்திருந்த சிறு திருகாணி பாதி தளர்ந்திருந்தது. சுவர் வந்தபிறகு அழுத்தும்போது, கொக்கி விடுபடுமுன் நாக்கு மயிரிழை நகர்ந்தது. என் மகள் முதல் நாளே சொன்னது அதுதான்: "சுவர் வந்தபிறகும் கொஞ்சம் நகர்கிறது."

அன்பானவர்களே, டூல்ரூமில் புதிதாக வரும் பையன்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் என்ன தெரியுமா? "முதலில் ஆட்டம் பார், பிறகு அளவு எடு." தளர்ந்த ஒன்றை வைத்துக்கொண்டு எதை அளந்தாலும் பொய்யளவே கிடைக்கும். 27 ஆண்டுகளாக ஊருக்குச் சொன்ன பாடத்தை என் வீட்டு மேசையில் நான் மறந்துபோனேன்.

அன்று கற்ற ஒழுங்கை, இத்தகைய பிஸ்டல் வைத்திருக்கும் குடும்பங்களுக்காக எழுதுகிறேன். குண்டில்லை என்று கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். அப்போதும் குழல் குறிப்பலகையை நோக்கியே இருக்கட்டும். அடுத்து ஆட்டம் பாருங்கள்: விசையின் நாக்கு, கைப்பிடி, குறிகள். அடுத்து விரலைப் பாருங்கள். வளரும் பிள்ளையின் கை ஆண்டுதோறும் பெரிதாகும். விரலின் பக்கம் கைப்பிடி மரத்தில் உரசினாலும் விசை இழுபடுவதாகவே தோன்றும். விரல் நாக்கின் கீழ்முனைக்கு இறங்கினால் அதே விசை இலேசாகத் தெரியும். இவ்வளவும் சரியாயிருந்தால் மட்டுமே திருகாணிக்குப் போகவேண்டும்.

கொக்கி அளவுக்குமேல் ஆழமாகப் பிடித்திருந்தால் விசை இழுபடும். மிகக் குறைவாகப் பிடித்திருந்தால் சுவர் மறையும். தட்டினாலே விடுபடவும் கூடும். இது ஆபத்து, உடனே நிறுத்தி, பழுது பார்க்கத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். விசையை முழுவதும் இழுத்தும் சுடாவிட்டால், அதைப் பின்னே நிறுத்தும் திருகாணி மிஞ்சி உள்ளே போயிருக்கலாம். சுட்ட நொடியில் விரல் தடாலென்று பின்னே ஓடித் துப்பாக்கி குலுங்கினால், அதே திருகாணி மிஞ்சி வெளியே வந்திருக்கலாம். தயாரிப்பாளரின் கையேட்டைப் பார்த்து, ஒரு வேளைக்கு ஒரே திருகாணி, கால் சுற்று மட்டும் திருப்பி, சுட்டுப் பார்த்து, எழுதி வையுங்கள். என்னைப்போன்ற பிட்டர்களுக்கு ஒரு எச்சரிப்பு: கொக்கியின் முகத்தை அரத்தால் தீட்டி மென்மையாக்கலாம் என்று நினைக்கவே வேண்டாம். தேய்த்துவிட்டால் திரும்ப வராது.

எடையைக் கடைசியாகப் பாருங்கள். தொழிற்சாலை மேலாளரிடம் அனுமதி பெற்று, பித்தளையில் 500 கிராம் எடையொன்று கடைந்து, கொக்கி வைத்தேன். அதோடு 20 கிராம் வளையம் ஒன்று. 520 தாங்கினால்தான் போட்டிக்குப் புறப்படுவோம். விதியின் விளிம்பிலேயே நின்றால், ஒரு சிறு தேய்மானமும் நம்மைக் கவிழ்த்துவிடும். போட்டி முடிந்த பிறகும் சிலருடைய பிஸ்டலை எடுத்துச் சோதிப்பார்கள். அப்போது தவறினால் சுட்டதெல்லாம் வீண்.

எங்கள் வீட்டில் நடந்தது சிறிய காரியம். உலக மேடையிலும் துப்பாக்கி பழுதாவதுண்டு. 2021 ஜூலை 25-ஆம் தேதி டோக்கியோ ஒலிம்பிக்கில், மனு பாக்கர் சுட்டுக்கொண்டிருக்கும்போதே அவருடைய பிஸ்டல் பழுதாயிற்று. அதைச் சரிசெய்வதில் விலையேறிய நிமிடங்கள் கழிந்தன. 575 எடுத்து 12-ஆம் இடம் பெற்று, இறுதிச் சுற்றை இழந்தார். அதே மனு 2024 ஜூலை 28-ஆம் தேதி பாரீஸ் ஒலிம்பிக்கில், அதே 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியில் வெண்கலம் வென்றார். ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலில் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணி அவரே. அன்று என் மகள் தொலைக்காட்சிக்கு முன்பாகக் கைதட்டியதைவிட அழுததே அதிகம்.

என் மகளுக்குப் பதக்கம் ஒன்றும் வரவில்லை. அடுத்த ஆண்டு 561 வரை ஏறினாள். அணியில் இடம் கிடைக்கவில்லை. இப்போது கல்லூரியில் படிக்கிறாள்; வாரத்தில் இரண்டு நாள் சுடப் போகிறாள். திருகாணிகளின் கணக்கெழுதும் நோட்டுப் புத்தகத்தின் முதற்பக்கத்தில் அவள் கையெழுத்தில் ஒரு வரி இருக்கிறது: "அப்பா எதைத் தொடுமுன்னும் என்னைக் கேட்கவேண்டும்." அதன்கீழே நான் கையெழுத்திட்டிருக்கிறேன்.

சென்ற மாதம் என் இளைய மகன், "கரும்பலகை சரியாகத் தெரியவில்லை அப்பா" என்றான். கணக்கில் மதிப்பெண் குறைந்திருந்த சமயம். "கவனம் போதாது" என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். மறுநாள் கண் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். இரண்டு கண்ணிலும் மைனஸ் 1.25 இருந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு வெளியே வந்தவன், தெருவுக்கு அப்பாலிருந்த பெயர்ப்பலகையை எழுத்தெழுத்தாகப் படித்துக் காட்டினான்.