மூச்சைப் பிடிங்க... பிடிங்க...

மேல்பட்டாம்பாக்கம் வீட்டுத் திண்ணையில அப்பா உம்முன்னு உட்கார்ந்திருந்தார். முதல்நாள் இதயத்துக்கு எம்ஆர்ஐ எடுக்கப் போய், பாதியில அனுப்பிட்டாங்க.

"எனக்கு மூச்சுப் பிடிக்கத் தெரியலையாம் தம்பி. படமெல்லாம் கலங்கிப்போச்சாம்."

பரீட்சையில ஃபெயிலான பையன் மாதிரி சொன்னார். நெய்வேலி சுரங்கத்துல முப்பது வருஷம் ஷிப்ட் பார்த்த மனுஷன். இப்போ நாலு படி ஏறினாலே இளைக்குது. இதயம் சரியில்லன்னுதானே ஸ்கேனுக்கே போனார்? அவர்கிட்ட போய் பத்துப் பதினைஞ்சு விநாடி மூச்சை அடக்கு, அதுவும் திரும்பத் திரும்பன்னா?

நான் பொட்டி தட்டுறவன். ப்ரோக்ராம் படுத்துக்கிட்டா "யூசர் தப்பா அமுக்கிட்டார்"னு கைகழுவுற ஆசாமி. அதனால கொஞ்சம் சுருக்குன்னுச்சு.

ராத்திரி உட்கார்ந்து படிச்சேன். மேட்டர் இதுதான் மக்களே. எம்ஆர்ஐ கேமரா மாதிரி ஒரே க்ளிக்குல படம் பிடிக்காது. வரிவரியா தகவல் சேர்க்கும். ஒரு துடிப்புக்குள்ள எல்லா வரியும் கிடைக்காது. ஈசிஜியைப் பார்த்து, பல துடிப்புகள்ல கொஞ்சம் கொஞ்சமா பொறுக்கும். நடுவுல மூச்சு விட்டா உதரவிதானத்தோட இதயமும் ஏறி இறங்கும். வரிகள் ஒட்டாது.

2007-ல லஸ்டிக், டோனஹோ, பாலி மூணு பேரும் ஒரு கட்டுரை போட்டாங்க. எல்லா வரியும் வேணாம், கொஞ்சம் எடுத்தாலே மிச்சத்தைக் கணக்குப் போட்டு மீட்கலாம்னு. அதைவிட எனக்குப் பிடிச்சது, சுன்ரிதா போத்தாரும், பெங்களூரு ஐஐஎஸ்சியில படிச்ச மேத்யூஸ் ஜேக்கப்பும் அயோவா பல்கலைக்கழகத்துல செஞ்ச வேலை. 2016-ல வந்தது, பேரு 'ஸ்டார்ம்'.

ஊஞ்சல்ல ஆடுற குழந்தையை அரையிருட்டுல நூறு போட்டோ எடுக்கறீங்க. ஒண்ணும் தெளிவில்ல. ஆனா ஊஞ்சல் திரும்பத் திரும்ப அதே இடத்துக்குத்தானே வருது? ஒரே இடத்துல இருக்கிற போட்டோக்களை ஒண்ணுக்கொண்ணு துணையா வச்சா முகம் தெரிஞ்சிடும். இதயமும் மூச்சும் அப்படித்தான். நோயாளி பாட்டுக்கு மூச்சு விடட்டும், ஒரே நிலையில வர்ற படங்களைத் தேடிச் சேர்க்கிறது கம்ப்யூட்டர் பாடு. (கணக்கு முடிய நேரம் பிடிக்கும். பிடிக்கட்டுமே, அதுக்கென்ன மூச்சா வாங்குது? :-))

மூச்சுப் பிடிக்காமலே எடுக்கிற வசதி இப்போ சில புது மெஷின்கள்லயே வருது. எல்லா ஊர் சென்டர்லயும் கிடையாது, விசாரிச்சுத்தான் போகணும்.

காலையில காபியோட அப்பாகிட்ட ஊஞ்சல் கதையைச் சொன்னேன். கேட்டுட்டு, டம்ளரை வச்சார்.

"அப்போ என்மேல தப்பில்லங்கற?"

"இல்லப்பா."

"இதை உங்கம்மாகிட்டயும் ஒரு தடவ சொல்லு."