நிலவறைக் காகிதங்கள்

இங்கிலாந்தில் அரசாங்கம் சார்ந்த அலுவலகம் ஒன்றில் புராஜெக்ட் மேனேஜராகச் சேருகிற எவருக்கும் முதல் வாரத்திலேயே காதில் விழுகிற பெயர் பிரின்ஸ்-2. இளவரசருக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. கட்டுப்பாடான சூழலில் திட்டங்கள் என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் எழுத்துகளைக் கோத்துச் செய்த நாமதேயம் அது. 1975-ல் ஒரு தனியார் கம்பெனி வகுத்த பிராம்ப்ட் என்னும் முறையை 1979-ல் பிரிட்டிஷ் அரசாங்கத்தின் கம்ப்யூட்டர் இலாகா தன் வேலைகளுக்கு எடுத்துக்கொண்டு, அதிலிருந்து 1989-ல் பிரின்ஸ் என்பதை உண்டாக்கி, கம்ப்யூட்டர் அல்லாத காரியங்களுக்கும் பொருந்தும்படி 1996-ல் இரண்டாவது அவதாரம் எடுக்க வைத்தது. அதன் சாரத்தை ஏழு கொள்கைகளாகத் திரட்டிச் சொன்னது 2009-ஆம் வருஷத்துப் பதிப்பு. அதற்கு முந்திய பதிப்பைப் படித்துப் பரீட்சை எழுதித் தேறியவன் நான். ஆகையால் எந்தப் பாரத்தை எப்பொழுது நிரப்புவது என்பது எனக்கு மனப்பாடமாக இருந்ததே தவிர, ஏன் நிரப்புகிறோம் என்ற கேள்வி நெடுநாள் வரையில் எழவே இல்லை.

அந்தக் கேள்வி எழுந்த இடம், மத்திய இங்கிலாந்தில் ஒரு நகர சபைக் கட்டடத்தின் நிலவறை. கட்டட அனுமதி கேட்டு ஊர் ஜனங்கள் ஐம்பது அறுபது வருஷங்களாகக் கொடுத்திருந்த மனுக்களும் வரைபடங்களும் அங்கே அடுக்கடுக்காகக் கிடந்தன. நிலவறை கொள்ளாமல் மிகுந்தவை ஊருக்கு வெளியே வாடகைக் கிடங்கு ஒன்றில் இருந்தன. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, அட்டவணையிட்டு, கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டுக் கிடங்கைக் காலி செய்வதுதான் உத்தேசம். பிசினஸ் கேஸ் என்று இம்முறை அழைக்கும் பத்திரத்தில், அதாவது இந்தக் காரியத்தை எதற்காகச் செய்ய வேண்டும் என்பதற்கான நியாயத்தில், மிச்சமாகப் போகும் அந்த வாடகையே முக்கால் பங்கு.

என்னென்ன வேலை செய்யப் போகிறோம் என்று பட்டியல் போடுவதற்கு முன்பாக, முடிவில் என்ன பொருள் கைக்கு வர வேண்டும், அது எவற்றால் ஆனது, எதைப் பார்த்து அது சரியென்று ஒப்புக்கொள்வது ஆகியவற்றை எழுதி வைத்துவிட வேண்டும் என்பது ஏழில் ஒரு கொள்கை. நானும் எழுதினேன். தெருப் பெயரையும் வீட்டு எண்ணையும் சொன்னால் இரண்டு நிமிஷத்துக்குள் உரிய கோப்பு திரைக்கு வந்துவிட வேண்டும் என்று தர நிபந்தனையை எழுதியபோது, இதைவிடத் தெளிவாக யாரால் எழுத முடியும் என்ற கர்வம்கூட எனக்கு இருந்தது. ஆனால் எவற்றால் ஆனது என்ற கட்டத்தில் காகிதங்கள் என்று ஒற்றை வார்த்தையோடு நிறுத்தியிருந்தேன். பழைய கோப்புகளைப் பிரித்தால், எட்டாக மடித்த வரைபடத் துணிகள் வெளியே வந்தன. விரித்தால் சாப்பாட்டு மேஜையை மூடுகிற அளவு. மடிப்பு வழியே பழுத்து, கையால் தொட்டாலே இற்றுவிடுகிற நிலை. எங்கள் ஸ்கேனரோ ஏ-3 தாளுக்கு மேல் எதையும் உள்ளே ஏற்காது.

இது தெரிந்த ஒருவர் அந்த நிலவறையிலேயே இருந்தார். தினமும் பதினொரு மணிக்கு எனக்குத் தேநீர் போட்டுக் கொடுத்த பதிவறைக் குமாஸ்தாதான் அவர். யாருக்கு எந்தப் பொறுப்பு என்பதை வரையறுத்துவிட வேண்டும் என்ற கொள்கைப்படி எங்கள் புராஜெக்ட் போர்டு ஒழுங்காகத்தான் அமைந்திருந்தது: பணம் கொடுத்து முடிவுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் ஒருவர், உபயோகிக்கப் போகிறவர்களின் சார்பில் ஒருவர், செய்து கொடுக்கிறவர்களின் சார்பில் ஒருவர். உபயோகிக்கிறவர்களின் சார்பில் உட்கார்ந்திருந்த இலாகாத் தலைவர் நிலவறைப் படியில் இறங்கியே பல வருஷங்கள் ஆகியிருந்தன என்பதை எந்தப் பாரமும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

இனி என்னுடைய பிழைக்கு வருகிறேன். வேலையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் காலத்திலும் செலவிலும் இவ்வளவு முன்பின் ஆகலாம் என்று போர்டு ஓர் எல்லை விதிக்கும். எல்லைக்குள் இருக்கிற வரையில் அவர்கள் தலையிட மாட்டார்கள். மாதம் ஒரு சுருக்கமான ரிப்போர்ட் போதும். எல்லையைத் தாண்டிவிடுவோம் என்று தெரிகிற கணத்தில், தாண்டிய பிறகு அல்ல, தெரிகிற கணத்திலேயே போய்ச் சொல்லிவிட வேண்டும். எங்களுக்கு விதித்த எல்லை இரண்டு வாரம். வரைபடத் துணிகளால் ஐந்து வாரம் கூடுதலாகப் பிடிக்கும் என்பது பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை போட்ட கணக்கிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எப்படியும் ஈடுகட்டிவிடலாம் என்ற நப்பாசையில் சனிக்கிழமைகளிலும் ஆட்களை வரவழைத்து, மூன்று வாரம் வாயைத் திறக்காமல் இருந்தேன்.

கடைசியில் சொன்னபோது, போர்டின் தலைவியாக இருந்த நிதி இலாகா அம்மையார் தாமதத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. இது உங்களுக்கு எந்தத் தேதியில் தெரிந்தது என்று மட்டும் கேட்டார். நான் சொன்னதும், தம் நாட்குறிப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடினார். அன்றைக்கே சொல்லியிருந்தால், பெரிய ஸ்கேனர் வைத்திருக்கிற வெளிக் கம்பெனியிடம் அந்தத் துணிகளை மட்டும் ஒப்படைக்க அந்த வருஷத்து நிதியில் இடம் இருந்திருக்கிறது. நகர சபைக்கு நிதி வருஷம் மார்ச் 31-ல் முடிகிறது, டெண்டர் விடுவதற்கு இனி அவகாசம் கிடையாது. அவருக்கு இருந்த ஒரு வழியை அவருக்குத் தெரியாமலே நான் அடைத்திருந்தேன்.

கட்டம் முடிந்ததும் வேலையை நிறுத்தி, அடுத்த கட்டத்துக்குப் போர்டின் சம்மதம் கேட்பதை முட்டுக்கட்டை என்று அலுத்துக்கொள்ளாத புராஜெக்ட் மேனேஜரை நான் கண்டதில்லை. அந்த வார்த்தையைச் சொல்லும் தமிழர்கள் தேர் இழுக்கையில் பார்த்திருப்பார்கள்: சக்கரத்துக்குக் கீழே கட்டை கொடுக்கிறவர் இல்லாவிட்டால், வடம் பிடிக்கிறவர்கள் ஆயிரம் பேரானாலும் தேர் வீதி முனையில் திரும்பாது. மூன்றாவது கட்டம் முடிந்த சமயத்தில் எங்கள் வேலை பிரமாதமாக நடந்துகொண்டிருந்தது. ஆட்கள் கைதேர்ந்துவிட்டார்கள், செலவு எல்லைக்குள் இருந்தது, இழந்த நாட்களில் பாதியை மீட்டும்விட்டோம். விதிப்படி பிசினஸ் கேஸைத் திரும்ப எடுத்துப் புதுப்பித்தபோதுதான், சாலை இலாகா குளிர்காலத்தில் பனியின்மேல் தூவுகிற உப்பைச் சேர்த்து வைப்பதற்காக அதே கிடங்கு வளாகத்தை முழுவதுமாக நெடுங்காலக் குத்தகைக்கு எடுத்துவிட்ட விஷயம் வெளிவந்தது. எங்கள் காகிதங்கள் அங்கே இருந்தாலும் போனாலும் நகர சபை கொடுக்கும் வாடகை ஒன்றுதான்.

நியாயம் தொடர்ந்து இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான் ஏழில் முதலாவதாக எண்ணப்படும் கொள்கை. தோற்றுக்கொண்டிருக்கிற வேலையை நிறுத்துவதற்கு அது உதவும் என்று நினைத்திருந்தேன். நன்றாக நடக்கிற வேலையையும் அது நிறுத்தும் என்று நினைக்கவில்லை. தோற்கிற வேலையை நிறுத்துவதுகூட எளிதல்ல என்பதற்கு லண்டன் பங்குச் சந்தையின் டாரஸ் திட்டம் சாட்சி. பங்குப் பத்திரங்களைக் காகிதத்திலிருந்து விடுவித்துக் கம்ப்யூட்டர் கணக்காக மாற்றுவதற்கென்று 1980-களில் எழுந்த அந்தத் திட்டம், தரகர்கள் ஒருபுறமும் பதிவாளர்கள் ஒருபுறமுமாகத் தத்தம் தேவைகளை ஏற்றிக்கொண்டே போக, சந்தையின் பணத்தில் மட்டும் சுமார் ஏழரைக் கோடி பவுனை விழுங்கிவிட்டு, 1993 மார்ச்சில்தான் கைவிடப்பட்டது. பிறகு இங்கிலாந்து வங்கி தலையிட்டு, காகிதம் வேண்டுமென்கிறவர் வைத்துக்கொள்ளலாம் என்ற அளவில் கிரெஸ்ட் என்ற சிறிய ஏற்பாட்டை 1996-ல் நடத்திக் காட்டியது.

எங்கள் போர்டில் அந்த முடிவுக்கு நாற்பது நிமிஷம்தான் பிடித்தது. கடைசிப் பத்து வருஷத்துக் கோப்புகளையே ஜனங்கள் அதிகம் கேட்கிறார்கள், அவை திரைக்கு ஏறிவிட்டன, இதோடு முடித்துக்கொள்வோம் என்றார் அம்மையார். இலாகாத் தலைவர் ஆட்சேபித்தார். ஆனால் அங்கே வோட்டெடுப்பு கிடையாது, பணத்துக்குப் பதில் சொல்கிறவரின் வார்த்தையே முடிவு. எனக்கு நெஞ்சு வலித்தது என்பதை மறைப்பானேன்?

சிறிய வேலைக்கும் முழு மூட்டைப் பாரங்களையும் நிரப்பச் சொல்லும் சான்றிதழ்ப் பண்டிதர்கள், முறையை இடத்துக்குத் தக்கபடி அளவெடுத்துத் தைத்துக்கொள்ள வேண்டும் என்பதும் அந்த ஏழில் ஒன்று என்பதை மட்டும் எப்படியோ மறந்துவிடுகிறார்கள். அனுபவத்திலிருந்து கற்க வேண்டும் என்ற கொள்கையின் கதி இன்னும் மோசம்; பாடங்களை எழுதும் ரிப்போர்ட்டைத் திட்டம் முடிந்த களைப்பில் அரை மணியில் ஒப்பேற்றிவிடுவதுதான் வழக்கம். நான் எழுதியதில் முதல் வாக்கியம் சிரமமில்லாமல் வந்தது: பொருள் எவற்றால் ஆனது என்று எழுதுவதற்கு முன் நிலவறைக்குப் போய், குமாஸ்தாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பத்துக் கோப்புகளையாவது பிரித்துப் பார்க்கவும். இரண்டாவது வாக்கியத்துக்கு எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. அந்தச் செவ்வாய்க்கிழமையின் தேதியையும், போர்டுக்கு நான் தெரிவித்த தேதியையும் அடுத்தடுத்துப் போட்டு எழுதிக் கையெழுத்திட்டேன்.