பழைய கணினியைக் கழிப்பதற்கு முன்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. அந்த நாளுக்கு முன்னும் பின்னும் புக்கிட் தெங்காவில் எனக்கு ஓய்வே இல்லை. மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பட்டர்வொர்த்துக்கும் புக்கிட் மெர்தாஜமுக்கும் நடுவில் இருக்கிற ஊர் இது. இங்குள்ள தொழிற்பேட்டையில் லோரி கம்பெனி, பட்டறை, கிடங்கு என்று வரிசையாக நிற்கும். பல இடங்களில் முன்னறையில் ஒரு கிராணி உட்கார்ந்திருப்பார். அவர் எதிரில் பத்தாண்டு உழைத்த ஒரு கணினி. விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 பாதுகாப்பு வசதி அவற்றில் பலவற்றில் இல்லை. ஆகவே புதுக் கணினி, புது மென்பொருள். பழையதில் இருந்த அஞ்சல்களும் முகவரிகளும் புதியதற்குப் போய்ச் சேர வேண்டும். அதைச் செய்து கொடுப்பது என் தொழில்.

முதலாளிமார் கேட்பது ஒரே கேள்விதான்: "எல்லாம் வந்துருச்சா தம்பி?" பழைய பெட்டியில் எத்தனை அஞ்சல், புதியதில் எத்தனை என்று காட்டுவேன். இரண்டும் ஒன்றாக இருந்தால் அவர்களுக்குத் திருப்தி. எனக்கு அந்தக் கணக்கு போதாது. அஞ்சல்கள் எண்ணிக்கை குறையாமல் வந்து சேர்ந்த பிறகும் மனிதர்கள் விடுபட்டுப் போயிருப்பார்கள். அது அன்றைக்குத் தெரியாது. தீபாவளி வாழ்த்து அனுப்ப உட்காரும்போதுதான் தெரியும்.

முகவரிகளை எடுத்துக்கொள்வோம். பலர் முகவரிப் புத்தகத்தைத் திறந்ததே இல்லை. ஒருவருக்கு எழுத நினைத்து முதல் இரண்டு எழுத்தைத் தட்டினால் முழு முகவரியும் தானாக வந்து நிற்கிறதே, அதைத்தான் தங்கள் முகவரிப் புத்தகம் என்று நம்பியிருக்கிறார்கள். அவுட்லுக் 2007 வரை அந்தப் பட்டியல் என்கே2 என்ற தனிக் கோப்பில் கிடந்தது. 2010 பதிப்பிலிருந்து அஞ்சற்பெட்டிக்குள்ளேயே மறைவாகப் போய் உட்கார்ந்துகொண்டது. அஞ்சல்களை மட்டும் நகலெடுத்தால் இந்தப் பட்டியல் வராது. இருபது வருடம் பழகிய வாடிக்கையாளரின் முகவரி எங்கே என்று கிராணி தேடுவார். அது எந்த முகவரிப் புத்தகத்திலும் ஒருநாளும் இருந்ததில்லை.

முறையாக முகவரிப் புத்தகம் வைத்திருப்பவர்களுக்கு வேறு இடர்கள். ஒரு மென்பொருளிலிருந்து இன்னொன்றுக்கு முகவரிகளைக் கொண்டுபோகப் பெரும்பாலும் சிஎஸ்வி கோப்பைப் பயன்படுத்துவோம். அதைச் சரிபார்க்கலாம் என்று யாராவது எக்செல்லில் திறந்து, சேமித்து மூடிவிட்டால் போதும்: தொலைபேசி எண்ணின் முதல் பூஜ்யம் காணாமல் போகும். பினாங்கு எண்கள் 04-இல் தொடங்குபவை, கைப்பேசி எண்கள் 01-இல். இடையில் கோடு போடாமல் எழுதப்பட்ட எண்ணை எக்செல் ஒரு தொகையாகவே பார்க்கிறது. தொகைக்கு முன்னால் பூஜ்யம் எதற்கு என்று எடுத்துவிடுகிறது. பிறந்தநாளும் அப்படித்தான். நாம் நாளை முதலில் எழுதுகிறவர்கள், அமெரிக்க அமைப்பில் மாதம் முதலில். ஆகஸ்ட் 5-இல் பிறந்தவரை மே 8-இல் வாழ்த்துவோம். கோயில் நிர்வாகக் குழு, தமிழ்ப்பள்ளி பழைய மாணவர்கள் என்று சேர்த்து வைத்த குழுக்கள் அவுட்லுக்கின் சிஎஸ்வி கோப்பில் இடம்பெறுவதே இல்லை.

இவற்றையெல்லாம்விட என்னை உறுத்துவது பெயர். மலேசியாவில் நம் அடையாள அட்டையில் பெயர், பிறகு ஏ/எல் (மகன்) அல்லது ஏ/பி (மகள்), பிறகு அப்பா பெயர். மென்பொருளுக்குத் தெரிந்ததோ முதற்பெயர், நடுப்பெயர், குடும்பப்பெயர். அது ஏ/எல் என்பதை நடுப்பெயர் ஆக்கி, அப்பா பெயரைக் குடும்பப்பெயர் ஆக்கிவிடுகிறது. அதற்குப் பிறகு கம்பெனியிலிருந்து போகும் கடிதங்கள் மகனை அப்பா பெயர் சொல்லி விளிக்கும். அந்த அப்பா காலமாகி ஒரு வருடம்கூட ஆகாத வீட்டில் அது எப்படி இருக்கும்? நம் பெயரை நாம் எப்படி எழுதுகிறோம் என்று அந்தக் கட்டத்தை வரைந்தவர்கள் கேட்டதில்லை. அதனால் நான் பெயரைப் பிரிக்க விடுவதில்லை. முழுப் பெயரையும் ஒரே கட்டத்தில், அடையாள அட்டையில் இருப்பது போலவே வைக்கிறேன். நேரம் பிடிக்கும் வேலை. நூறு பெயர் என்றால் நூறையும் கண்ணால் பார்க்க வேண்டும். அதைச் செய்யாமல் கூலி வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

பழைய அஞ்சல்கள் ஏன் ஒரே கணினியில் மாட்டிக்கொண்டன என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்கு அஞ்சல் என்பது எங்கோ இருக்கும் வழங்கியில் இருப்பது. கணினி உடைந்தாலும் கவலை இல்லை. தொண்ணூறுகளில் அப்படி இல்லை. மலேசியாவின் முதல் இணையச் சேவை, அரசு ஆய்வு நிறுவனமான மிமோஸ் வளர்த்த ஜாரிங். 1996-இல் டிஎம்நெட் வந்தது. மோடம் 1515-ஐ அழைத்து, கீச்சிட்டு, இணைப்புக் கிடைக்கும். இணைப்பில் இருக்கும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் காசு. அதனால் அஞ்சல்களை ஒரே மூச்சில் இறக்கிக்கொண்டு இணைப்பைத் துண்டித்துவிட்டு, பிறகு சாவகாசமாகப் படிப்போம். பாப் என்ற அந்த முறையில், இறக்கியதும் வழங்கியிலிருந்த பிரதியை மென்பொருள் அழித்துவிடும். வழக்கமான அமைப்பு அதுதான். வழங்கியில் இடமும் இல்லை. ஹாட்மெயில் அந்த நாளில் இலவசமாகக் கொடுத்தது 2 மெகாபைட். 2004 ஏப்ரலில் ஜிமெயில் 1 கிகாபைட் கொடுத்தபோது பலர் அதை ஏப்ரல் முதல் தேதி விளையாட்டு என்றே நினைத்தார்கள். ஆக, ஏறக்குறைய 1995 முதல் 2005 வரை எழுதப்பட்ட கடிதங்களில் பலவற்றுக்கு உலகத்தில் ஒரே பிரதிதான் உண்டு. அது யாரோ ஒருவர் வீட்டுக் கணினியின் வட்டில் இருக்கிறது. சேவை கொடுத்த நிறுவனத்திடம் போய்க் கேட்கவும் வழியில்லை. ஜாரிங் 2015-இல் மூடப்பட்டது.

அந்த வட்டிலிருந்து எடுப்பதும் எளிதல்ல. அவுட்லுக் எக்ஸ்பிரஸ் 1997-இல் வந்தது. அதன் பிந்தைய பதிப்புகள், எண்ணும் எழுத்துமாக நீண்ட பெயருள்ள ஒரு கோப்புறைக்குள், டிபிஎக்ஸ் கோப்புகளில் அஞ்சல்களைப் போட்டு வைத்தன. 2007-இல் விஸ்டாவோடு விண்டோஸ் மெயில் வந்து, ஒவ்வோர் அஞ்சலையும் தனித்தனி இஎம்எல் கோப்பாக வைத்தது. 2009-இல் விண்டோஸ் 7 அஞ்சல் மென்பொருளே இல்லாமல் வந்தது. விண்டோஸ் லைவ் மெயிலைத் தனியாக இறக்கிக்கொள்ள வேண்டும். அதற்கும் 2017 ஜனவரியில் ஆதரவு நின்றது. விண்டோஸ் 10-இல் இருந்த மெயில், கணினியில் கிடக்கும் பழைய கோப்புகளைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. அதுவும் 2024 டிசம்பரோடு முடிந்தது. பழைய கோப்புகளைப் படிக்கத் தெரிந்த பதிப்புகளும் தமக்குச் சற்று முந்தையவற்றை மட்டுமே அடையாளம் கண்டுகொள்ளும். வரிசையாக ஏறி வந்தவர்கள் தப்பித்தார்கள். நடுவில் ஒரு படியைத் தாண்டியவர்களுக்காக, நான் இன்றும் ஒரு பழைய விண்டோஸ் 7 கணினியை இணையத்தில் இணைக்காமல் வைத்திருக்கிறேன். டிபிஎக்ஸ் கோப்பை அதில் லைவ் மெயிலுக்குள் ஏற்றி, இஎம்எல்லாக எடுத்து, பிறகு தண்டர்பேர்டுக்கோ புது அவுட்லுக்குக்கோ கொண்டுபோவேன். இஎம்எல்லை நான் விரும்புவதற்குக் காரணம் உண்டு. அது வெறும் எழுத்துக் கோப்பு. 1982-இல் வகுத்த அஞ்சல் விதிகளின் வழியில் வந்தது. எந்த மென்பொருளும் இல்லாவிட்டாலும் நோட்பேடில் திறந்து யார் யாருக்கு எப்போது எழுதினார் என்று பார்த்துவிடலாம்.

தமிழ் அஞ்சல்களுக்கு இதுவும் போதாது. நான் சொல்ல வந்ததே இதைத்தான்.

பக்கத்துத் தாமான் குடியிருப்பில் இருக்கும் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் தம் மேசைக் கணினியைக் கொண்டுவந்தார். தோட்டத்துப் பள்ளிகளில் வேலை பார்த்தவர். "தம்பி, பிள்ளைங்க எழுதினது எல்லாம் இதுலதான் இருக்கு. எனக்குத் தமிழ்லயே எழுதுவாங்க" என்றார். "கவலைப்படாதீங்க சார், எடுத்துடலாம்" என்றேன். அஞ்சல்கள் வந்தன, ஒன்றுகூடக் குறையவில்லை. திறந்து பார்த்தால் தமிழ் இல்லை. தலைக்கு மேல் புள்ளியும் கொம்பும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள் திரை முழுக்க. சார் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை.

காரணம் இது. யூனிகோடில் தமிழ் 1991-லேயே இடம்பெற்றிருந்தாலும், விண்டோஸில் அதற்கான வசதி விண்டோஸ் 2000-இல்தான், லதா எழுத்துருவோடு வந்தது. விண்டோஸ் 98 வைத்திருந்தவர்களுக்கு அது பெரும்பாலும் எட்டாத பொருள். அதற்காக நம்மவர்கள் காத்திருக்கவில்லை. இதே மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-லேயே முரசு மென்பொருளை உருவாக்கியிருந்தார். பிறகு முரசு அஞ்சல் வந்தது. சுவிட்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் மயிலை எழுத்துருவை இலவசமாகக் கொடுத்தார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி கணியன் என்ற தமிழ் மென்பொருளுக்காக உழைத்தார். பல நாட்டுத் தமிழர்கள் பேசி முடிவெடுத்த டிஸ்கி குறியேற்றம் வந்தது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாடு டாம், டாப் என்ற வேறு இரண்டைப் பரிந்துரைத்தது. ஒவ்வொன்றும் ஐரோப்பிய எழுத்துகளுக்கு ஒதுக்கிய இடங்களில் தமிழ் எழுத்துகளை உட்கார வைத்துத்தான் வேலை செய்தது. உரிய எழுத்துரு இருந்தால் தமிழ் தெரியும். இல்லாவிட்டால் பெரும்பாலும் கொம்பும் புள்ளியும்தான்.

எழுத்துருவைத் தேடிப் போட்டு அன்றைக்குப் படிக்க வைத்துவிடலாம். ஆனால் யூனிகோடுக்கு மாற்றாவிட்டால் தேடினால் கிடைக்காது, கைப்பேசியில் தெரியாது, பேரப்பிள்ளைக்கு அனுப்ப முடியாது. மாற்றுவதிலும் நுணுக்கம் இருக்கிறது. டிஸ்கியில் 'கொ' என்பது எழுதும் வரிசையில் கொம்பு, க, கால் என்று மூன்று துண்டு; யூனிகோடில் முதலில் க, பிறகு உயிர்க்குறி. வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். டிஸ்கியில் 'இ' எழுத்துக்கு முதலில் தந்த இடம், ஐரோப்பியக் குறியேற்றத்தில் கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக்கோட்டுக்கு உரியது. சில மென்பொருள்கள் அதை வேண்டாத குறி என்று வழியிலேயே உதிர்த்துவிடும். அப்படி உதிர்ந்த கடிதத்தில் 'இங்கே' என்பது 'ங்கே' ஆகிவிடும். புது மென்பொருள் தானாக 'சரிசெய்கிறேன்' என்று தொட்டுவிட்ட அஞ்சலில் இந்த இழப்பு நேர்ந்தால், பின்னால் மீட்க வழி இல்லை. ஆகவே மூலக் கோப்பைத் தொடாமல் வைத்துக்கொண்டு, நகலில்தான் மாற்ற வேண்டும். சுரதா யாழ்வாணன் உருவாக்கிய பொங்குதமிழ் போன்ற மாற்றிகள் இந்த வேலைக்குப் பேருதவி. பணம் எதிர்பாராமல் இவற்றைச் செய்து கொடுத்தவர்களுக்கு நம் சமூகம் இன்னும் போதிய நன்றி சொல்லவில்லை.

சாருடைய கடிதங்கள் மீண்டன. அவர் அனுமதியோடு சிலவற்றைப் படித்தேன். படித்ததிலிருந்து இந்த வேலையை நான் பார்க்கும் விதமே மாறியது. எங்கள் வட்டாரமான செபராங் பிறையில் 19-ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்டங்களுக்கு நம் முன்னோர் வந்தார்கள். பிறகு ரப்பர், செம்பனை. தொண்ணூறுகளில் தோட்டங்கள் ஒவ்வொன்றாகத் தொழிற்பேட்டையாகவும் தாமானாகவும் மாறின. பத்து காவானில் இன்று ஆலைகள் நிற்கின்றன. 2014-இல் திறந்த இரண்டாவது பாலம் அங்கேதான் இறங்குகிறது. அந்த மாற்றத்தின் நடுவே வேலை தேடி சிங்கப்பூருக்கும் ஜொகூருக்கும் போன பிள்ளைகள் தங்கள் ஆசிரியருக்கு எழுதியவை இந்தக் கடிதங்கள். லயத்து வீட்டுச் சாமான்களை லோரியில் ஏற்றியது, கோயில் சிலையை எங்கே கொண்டுபோவது என்று பெரியவர்கள் வாதாடியது, அம்மாவுக்குப் புது அடுக்குமாடியில் தூக்கம் வராதது. தோட்டத்துக் கணக்கேடுகள் கம்பெனிகளிடம் ஆங்கிலத்தில் இருக்கின்றன. அங்கே வாழ்ந்தவர்கள் தங்கள் வாயால், தங்கள் மொழியில், அந்த நாட்களிலேயே எழுதி வைத்தது மிகக் குறைவு. இருப்பதில் ஒரு பகுதி இப்படி மின்னஞ்சலாகத்தான் இருக்கிறது. கையெழுத்துக் கடிதம் கரையானுக்குத் தப்பினால் நூறாண்டு கழித்தும் படிக்கலாம். இவற்றுக்கு அந்த அவகாசம் கிடையாது. வட்டு செயலிழந்துவிட்டால் அன்றோடு போயிற்று.

அதனால் இதைப் படிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில், சங்கத்தில், பள்ளியில், கோயில் அலுவலகத்தில் 2005-க்கு முந்தைய கணினி ஏதாவது மூலையில் கிடந்தால், அதைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். இயங்குகிறதோ இல்லையோ, வட்டைக் கழற்றி ஈரம் படாத இடத்தில் வையுங்கள். அஞ்சல்களைப் புது மென்பொருளுக்கு மாற்றிக் கொடுப்பவரிடம், மூலக் கோப்புகளை அப்படியே ஒரு தனி வட்டில் நகலெடுத்துத் தரச் சொல்லுங்கள். அதை முதலில் செய்த பிறகே மற்ற வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். திரையில் கொம்பும் புள்ளியுமாக வருவதைக் குப்பை என்று அழித்துவிடாதீர்கள். அது தமிழாக இருக்கலாம். எந்த மென்பொருளில் எழுதினார்கள், எந்த எழுத்துரு வைத்திருந்தார்கள் என்று எழுதியவரிடமே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். முரசு அஞ்சலிலும் மயிலையிலும் எழுதிப் பழகிய அந்தத் தலைமுறையில் பலர் இப்போது அறுபதையும் எழுபதையும் தாண்டிவிட்டார்கள். கேட்க வேண்டியதை இந்த வருடமே கேளுங்கள்.