தந்தையார் விட்டுச் சென்ற லாரி

கம்பம் பள்ளத்தாக்கில் லாரி என்பது வெறும் வாகனமன்று. பல குடும்பங்களுக்கு அதுவே நிலபுலன். 1895-இல் பெரியாற்று அணை எழுந்து, நீர் இப்பக்கம் பாய்ந்தபின் விளைச்சல் பெருகிற்று. ஆனால் 1928-இல் மதுரையிலிருந்து வந்த இருப்புப்பாதை, தேனி வழியாகப் போடிநாயக்கனூரோடு நின்றுவிட்டது. கம்பத்திற்கு ரயில் வரவேயில்லை. ஆகவே நெல்லையும் திராட்சையையும் காய்கறிகளையும் மதுரைக்கும், குமுளி மலைவழியே கேரளத்துக்கும் கொண்டு சேர்த்தவை லாரிகளே.

அவற்றுள் ஒன்றைத்தான் எங்கள் தந்தையார் ஓட்டினார். அது அசோக் லேலண்டு நிறுவனத்தின் காமெட் வண்டி. 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கிய அந்நிறுவனம், இங்கிலாந்தின் லேலண்டுடன் கைகோத்து, 1955-இல் இப்பெயர் பெற்றது. அந்நாளில் ஆலையிலிருந்து வருவது சேஸிஸும் எஞ்சினும் முகப்புமே; ஓட்டுநர் அறையையும் பின்பெட்டியையும் பட்டறைத் தச்சர்கள் மரத்தால் கட்டுவர். எங்கள் வண்டியும் அவ்வாறு உருவானதே. அதன் முன்பணத்துக்காக, தாலி நீங்கலாக அம்மாவின் நகையெல்லாம் அடகுக்குப் போயிற்று.

தந்தையார் மறைந்தபின் பல்லாண்டுகள் அது தோட்டத்து வேம்பின்கீழ் நின்றது. அதனைச் செப்பனிட்டு அவர் நினைவாக வைத்துக்கொள்ள உடன்பிறந்தார் மூவரும் தீர்மானித்தோம். தீர்மானம் எளிதாயிற்று, வழியில்தான் பிளவு. ஓர் ஆணியும் மாறலாகாது என்றார் மூத்தவர். புது எஞ்சினும் குளிர்சாதனமும் வண்ண விளக்குகளும் வேண்டுமென்றார் இளையவர். இரண்டு திங்கள் வீட்டில் பேச்சே நின்றது. நினைவுச் சின்னம் எழுப்பப் புறப்பட்ட குடும்பம் அதனாலேயே உடையுமோ என அஞ்சினோம்.

அம்மாதான் முடிவு சொன்னார்: "உங்கள் அப்பா குமுளியிலிருந்து இறங்கி, வாசலில் ஹாரன் அடித்தால்தான் எனக்குத் தூக்கம் வரும், ஐயா. பத்திரமாய் வீடு வந்து சேர எது வேண்டுமோ, அதை மாற்றுங்கள். மற்றதைத் தொடாதீர்கள்."

அச்சொல்லின் பொருள் மலைப்பாதை அறிந்தவர்க்கு விளங்கும். பாரவண்டி இறக்கத்தில் ஓயாது பிரேக்கை மிதித்தால், டிரம்முக்குள் உராய்வால் சூடேறிப் பிடிப்புக் குறையும். அதனால்தான் தந்தையார் தாழ்ந்த கியரில், எஞ்சினின் இழுப்பிலேயே வண்டியை அடக்கி இறக்குவார். இப்போது இரட்டைச் சுற்றுக் காற்றழுத்த பிரேக் பொருத்தினோம். ஒரு சுற்று பழுதுபட்டாலும் மற்றொன்று தாங்கும். மின்கம்பிகள், டயர்கள், முகவிளக்குகள் ஆகியவற்றைப் புதிதாக்கி, இருக்கை வார்களும் சேர்த்தோம்.

2021-இல் நடுவண் அரசு வகுத்த பழமை வாகன விதிகள், சேஸிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் செய்யலாகாது என்கின்றன. அவ்வளவுகோலையே நாங்களும் கைக்கொண்டோம். ஆறு சிலிண்டர் எஞ்சினைப் பிரித்துத் துலக்கி, அதையே மீண்டும் அமர்த்தினோம். மரக்கூட்டில் உளுத்த பலகைகளை மட்டும் தச்சர் மாற்றினார். கிளீனர் சக்கரத்துக்கு அண்டக் கொடுக்கும் கட்டையும் தன் கொக்கியிலேயே தொங்குகிறது.

வண்டி இன்று வாடகைக்குச் செல்வதில்லை. பேரப்பிள்ளைகள் அதிலேறி அமர்ந்து, தாத்தாவைப் பற்றிக் கேட்கின்றனர். மூத்தவரும் இளையவரும் போட்டியிட்டுக்கொண்டு விடை சொல்கின்றனர். பெற்றோர் விட்டுச் செல்லும் உடைமை எதுவாயினும், அதைக் குறித்து வழக்காடுமுன், அது யாருக்காக உழைத்தது என வீட்டு மூத்தோரை ஒருமுறை கேட்டறிதல் நன்று.