ஆடப்படாத ஆட்டத்தின் நிழலில்

ஆடிய ஆட்டங்களால் பெயர்பெற்ற கால்பந்துக் குழுக்கள் உலகில் ஏராளம். ஆடாத ஓர் ஆட்டத்தால் மட்டுமே அறியப்படும் குழு எது என்று தேடினால் நமக்குத் தென்படுவது உக்ரைனின் பிரிப்யாத் நகரத்து ‘ஸ்த்ரோயிதெல்’. 1986 ஏப்ரல் 26, சனிக்கிழமை, கீவ் மாகாணக் கோப்பையின் அரையிறுதியில் அது போரொத்யான்கா ஊரின் ‘மஷினோபுதிவ்னிக்’ குழுவைச் சந்திக்கவிருந்தது. அன்று அதிகாலை 1.23 மணிக்குச் செர்னோபில் அணுமின் நிலையத்தின் நான்காம் உலை வெடித்தது. நகருக்கும் நிலையத்துக்கும் இடையே ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் தொலைவுதான். ஆட்டம் நடக்கவில்லை.

இக்குழுவைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இவ்விடத்தில் தொடங்கி இவ்விடத்திலேயே முடித்துக்கொள்கிறார்கள். நமக்கு இதில் உடன்பாடில்லை. ஒரு மனிதனின் வாழ்க்கையை அவனுடைய மரணச் சான்றிதழிலிருந்து எழுத முடியுமா? ஸ்த்ரோயிதெல் பத்தாண்டுகளுக்கும் மேலாக உயிரோடிருந்த குழு. அது வென்றது, தோற்றது, கோப்பைகளை வீட்டுக்குக் கொண்டுவந்தது. நாம் பேச விரும்புவது அதைப் பற்றித்தான்.

பெயரிலிருந்து தொடங்கலாம். ஸ்த்ரோயிதெல் என்றால் கட்டுமானத் தொழிலாளி. சோவியத் நாட்டில் ஒரு குழுவின் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் அதற்குச் சோறு போடுவது யார் என்று சொல்லிவிடலாம். லோகோமோதிவ் என்றால் இரயில்வே. ஷக்தார் என்றால் சுரங்கம். மஷினோபுதிவ்னிக் என்பது இயந்திரம் செய்பவர். போரொத்யான்காவில் மண் அகழும் பொறிகள் செய்யும் ஆலை இருந்தது. பிரிப்யாத் 1970இல் அணுமின் நிலையத்துக்கென்றே வெறும் நிலத்தில் எழுப்பப்பட்ட நகரம். எழுபதுகளில் அங்கே பிறந்த குழுவுக்குக் கட்டுமானத் தொழிலாளியின் பெயரன்றி வேறெது பொருந்தும்!

ஆயினும் குழுவின் முதல் எலும்புகள் நகரத்தினுடையவை அல்ல. அருகிலிருந்த சிஸ்தகாலிவ்கா என்ற சிற்றூரின் இளைஞர்கள் முன்பே கால்பந்தாடிக்கொண்டிருந்தார்கள். நிலையக் கட்டுமானத்தின் தலைவராக இருந்த வசீலி கிஸிமா அணியொன்றை ஆதரித்து வளர்க்க முற்பட்டபோது, அந்த ஊர்ப் பையன்கள் அதன் அடித்தளமானார்கள். இதை நாம் சற்று அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். பிரிப்யாத்தைப் பற்றிய சித்திரங்களில் எப்போதும் வருவது அடுக்குமாடிகளும் மேலிருந்து திட்டமிட்ட சோவியத் கனவுந்தான். அக்கனவின் பந்தை உதைத்த கால்கள் பக்கத்துக் கிராமத்தின் புல்வெளியில் ஆடப் பழகியவை.

சட்டப்படி அவர்கள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் அல்லர். சோவியத் கால்பந்தின் தொழில்முறைப் பிரிவுகளுக்குக் கீழே ‘உடற்பண்பாட்டுக் குழுக்களின் போட்டி’ என்ற அடுக்கு இருந்தது. அதில் ஆடுபவர் காகிதத்தில் பற்றவைப்பவராகவோ கொத்தனாராகவோ இருப்பார். கூலி நிறுவனத்தின் கணக்கில் வரும். இந்த நாசூக்கான பொய் அந்நாட்டின் எல்லா அடுக்குகளிலும் உண்டு. உச்சத்தில் ஆடியவர்களுக்கும் ஏதோ ஒரு வேலையின் பெயர் இருந்தது. கீழடுக்கில் அந்தப் பொய் பாதி உண்மையாகவும் இருந்தது என்பதுதான் சுவை.

1974இல் டைனமோ கீவ் குழுவுடன் சோவியத் சாம்பியன் பட்டம் வென்ற அனத்தோலி ஷெப்பெல் இக்குழுவின் பயிற்சியாளராக வந்தார். நாட்டின் முதல் வரிசையிலிருந்து கட்டுமானத் தொழிலாளர் அணிக்கு! வந்த பலன் வீண்போகவில்லை. 1981, 1982, 1983 என மூன்றாண்டுகள் தொடர்ந்து கீவ் மாகாணத்தின் சாம்பியன். 1985இல் உக்ரைன் குடியரசு அளவிலான தொழில்சாராப் போட்டியில் தன் மண்டலத்தில் இரண்டாமிடம். இன்னும் ஓரடி எடுத்துவைத்தால் மேலே என்ற நிலை. குடியிருப்போரின் சராசரி வயது இருபத்தாறு என்று சொல்லப்பட்ட, ஏறத்தாழ 49,000 பேர் வாழ்ந்த நகரில் அந்த வெற்றிகள் ஒவ்வொன்றும் என்ன ஆரவாரத்தை எழுப்பியிருக்கும்! புகைப்படக்காரர்களுக்கு வேண்டுவது அந்த ஆரவாரமல்ல, துருப்பிடித்த ராட்டினம்.

நகரத்தில் ‘அவன்கார்டு’ என்ற புதிய அரங்கு எழுந்தது. அதன் திறப்பு 1986 மே 1 என்று குறிக்கப்பட்டிருந்தது. இடையில் ஐந்தே நாட்கள்.

அன்று காலை போரொத்யான்கா அணியினர் தம் களத்தில் இருந்தபோது ஹெலிகாப்டர் ஒன்று இறங்கியதாகவும், பாதுகாப்புடை அணிந்தவர்கள் இறங்கி வந்து ஆட்டம் இல்லையென்று அறிவித்ததாகவும் பின்னாளில் சொல்லப்பட்டது. திரைக்கதை ஆசிரியர் எழுதியதுபோன்ற காட்சி. எல்லோரும் இதையே திரும்பத் திரும்பச் சொல்வதற்கு அதுவே காரணம் என்று நமக்குத் தோன்றுகிறது. நம் மனத்தில் அதனினும் ஆழமாகத் தைப்பது வேறு: அந்தச் சனிக்கிழமை பிரிப்யாத்தின் பிள்ளைகள் வழக்கம்போல் பள்ளிக்குச் சென்றார்கள். மறுநாள் பிற்பகல்தான் பேருந்துகள் வந்தன, ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. சிறிது காலத்துக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஆட்டக்காரர்களில் சிலர் பிறகு கதிர்வீச்சை அகற்றும் பணிக்குச் சென்றார்கள். சிஸ்தகாலிவ்காவும் காலி செய்யப்பட்டது. நகரமும் அதற்கு ஆட்டக்காரர்களைத் தந்த கிராமமும் ஒரே விலக்கு மண்டலத்துக்குள் போயின.

குழு மட்டும் உடனே சாகவில்லை. பெரும்பாலோர்க்குத் தெரியாத பகுதி இதுதான். பிரிப்யாத்துக்கு மாற்றாக, தினேப்பருக்குக் கிழக்கே ஸ்லாவுதிச் என்ற புதிய நகரம் கட்டத் தொடங்கினார்கள். 1987இல் ஸ்த்ரோயிதெல் அந்நகரின் பெயரைத் தாங்கிக் களமிறங்கியது. ஸ்லாவுதிச்சில் குடும்பங்கள் குடியேறியதோ 1988இல். அதாவது, குடியானவர் இல்லாத ஊரின் பெயரில், ஊர் இல்லாத ஆட்டக்காரர்கள் ஆடினார்கள். மக்கள் வந்து சேர்ந்த அதே ஆண்டில் குழு கலைக்கப்பட்டது. பணம் தீர்ந்துபோனது என்றோ ஆர்வம் குன்றியது என்றோ காரணம் காட்டலாம். நம் கருத்தில், தொழிற்சங்கப் பெயரை மட்டும் வண்டியில் ஏற்றிப் புதிய ஊருக்குக் கொண்டுபோக முடிந்தது. சனிக்கிழமை மாலையில் வந்து நிற்கும் அண்டைவீட்டாரை ஏற்றிச் செல்ல முடியவில்லை.

அவன்கார்டின் ஆடுகளத்தில் இன்று மரங்கள் நிற்கின்றன. முல்லையும் குறிஞ்சியும் நல்லியல்பு இழந்து பாலையாகும் என்பது நம் மரபின் கூற்று. இங்கே மனிதன் திருத்திய நிலம் மனிதனை இழந்து காடாகியிருக்கிறது. பார்வையாளர் மாடம் இன்னும் நிற்கிறது, எதிரே பார்ப்பதற்கு மரங்களைத் தவிர ஒன்றுமில்லாமல்.

எதிரணியின் ஊரையும் மறந்துவிட வேண்டாம். 2022 மார்ச் தொடக்கத்தில் ரஷ்ய வான்தாக்குதலில் போரொத்யான்காவின் குடியிருப்புக் கட்டடங்கள் சிதைந்தன; இடிபாடுகளுக்கடியில் பலர் இறந்தார்கள். அதே மாதம் ரஷ்யப் படைகள் பிரிப்யாத்தைச் சுற்றிய விலக்கு மண்டலத்தைப் பிடித்திருந்தன. மாத இறுதியில் ஸ்லாவுதிச்சுக்குள்ளும் நுழைந்தன. அங்கே பொதுமக்கள் ஆயுதமின்றி நகர மையத்தில் திரண்டு எதிர்த்து நின்றார்கள். ஓர் அரையிறுதிக்காகக் குறிக்கப்பட்ட இரண்டு ஊர்கள், அவ்விரண்டில் ஒன்றுக்கு மாற்றாக எழுந்த மூன்றாவது ஊர்: ஒரே மாதத்தில் மூன்றும் போரின் வரைபடத்தில் இருந்தன. 1981ஆம் ஆண்டின் மாகாணப் பட்டியலில் முதல் வரியில் இருப்பது ஸ்த்ரோயிதெல், பிரிப்யாத்.