எட்டயபுரத்தில் மதியச் சாப்பாடு: எதை எண்ணுவார்கள், எதை எண்ணமாட்டார்கள்?

எட்டயபுரத்துக்கு வரும் வெளியூர்க்காரர்களில் பலர் பாரதியார் பிறந்த வீட்டைப் பார்க்க வருகிறவர்கள்தான். அப்படியே கல்கியின் முயற்சியால் எழும்பி 1947-ல் திறக்கப்பட்ட மணிமண்டபம், முத்துசுவாமி தீட்சிதர் சமாதி, சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவரின் நினைவிடம், பழைய ஜமீன் அரண்மனை என்று ஒரு சுற்று வந்தால் மணி ஒன்றைத் தொட்டுவிடும். வெயில் மண்டையைப் பிளக்கும். வயிறு கூப்பிடும்.

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை வழியாகத் தூத்துக்குடி செல்லும் நாற்கரச் சாலையில் இருக்கிறது எட்டயபுரம். திருச்செந்தூருக்குப் போகும் குடும்பங்களும் இந்தப் பக்கம்தான் வண்டியை நிறுத்துகின்றன. ரயிலில் வருபவர்கள் கோவில்பட்டியில் இறங்கி, சுமார் 15 கிலோமீட்டர் பஸ்ஸில் வர வேண்டும். எப்படி வந்தாலும் மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் தேடுவது ஒன்றைத்தான்: கொடுத்த காசுக்கு வயிறு நிறைய வேண்டும்.

பெரிய நகரங்களில் இதற்கு 'அன்லிமிடெட் பஃபே' என்று பெயர். எட்டயபுரம், கோவில்பட்டி பக்கம் அந்தப் பெயரெல்லாம் இல்லை. ஆனால், விஷயம் இருக்கிறது. கடைப் பலகையைப் படிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

பலகை சொல்வது என்ன?

'ஃபுல் மீல்ஸ்', 'முழுச் சாப்பாடு' என்று எழுதியிருந்தால் சோறு, சாம்பார், ரசம், மோர் ஆகியவற்றைக் கேட்கக் கேட்கப் போடுவார்கள் என்று பொருள். 'அளவுச் சாப்பாடு', 'லிமிடெட் மீல்ஸ்' என்றால் ஒரு கிண்ணச் சோறு, சின்னக் கிண்ணங்களில் குழம்பு வகைகள், அதோடு சரி. வெறும் 'சாப்பாடு' என்று மட்டும் எழுதியிருந்தால் உட்காருவதற்கு முன் கேட்டுவிடுவது நல்லது. "அண்ணாச்சி, சாப்பாடு அளவா, ஃபுல்லா?" என்று கேட்டால் யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள். இந்தப் பக்கம் தினமும் கேட்கப்படும் கேள்வி அது.

முழுச் சாப்பாட்டிலும் சிலவற்றுக்குக் கணக்கு உண்டு. அப்பளம் பெரும்பாலும் ஒன்று. பாயசம், தயிர் இருந்தால் ஒரு கிண்ணம். கூட்டும் பொரியலும் கடைக்குக் கடை மாறும். சிலர் இரண்டாவது முறை வைப்பார்கள். சிலர் நேரமாகிவிட்டால் கையை விரித்துவிடுவார்கள். அதனால் ஒரு மணிக்குள் இலை முன்னால் உட்கார்ந்துவிடுவது உத்தமம். பார்சலுக்கு 'அன்லிமிடெட்' கிடையாது. சோறு கொஞ்சம் கூடுதலாகக் கட்டிக் கொடுப்பார்கள். ஒரு சாப்பாடு வாங்கி இருவர் பகிர்வதும் நடக்காது. சின்னக் குழந்தைகளோடு போனால் முதலிலேயே சொல்லிக் கேட்டுக்கொள்ளலாம்.

அசைவக் கடையில் கணக்கு வேறு மாதிரி. கறித் துண்டுக்கும் மீன் துண்டுக்கும் தனிக் காசு. குழம்புக்குக் காசு இல்லை. துண்டு எதுவும் வாங்காமல் சாப்பாடு மட்டும் சொன்னாலும் கறிக்குழம்பு, மீன்குழம்பு இரண்டையும் ஊற்றிவிட்டுப் போகும் கடைகள் தென்மாவட்டங்களில் நிறைய. இரவில் பரோட்டாக் கடைக்குப் போனாலும் இதே கதைதான். பரோட்டாவை எண்ணுவார்கள், சால்னாவை எண்ணமாட்டார்கள். 2009-ல் வந்த 'வெண்ணிலா கபடி குழு' படத்தில் சூரியின் பரோட்டாப் பந்தயம் ஊரெல்லாம் சிரிப்பை அள்ளியதற்குக் காரணம் அந்த எண்ணிக்கைத் தகராறுதான். அதே மேஜையில் சால்னா எத்தனை கரண்டி ஊற்றினார்கள் என்று எந்தக் கடைக்காரரும் தகராறு செய்ததில்லை.

வேகாஸும் டோக்கியோவும்

ஒரே விலை கொடுத்து விருப்பப்பட்ட அளவு சாப்பிடலாம் என்ற ஏற்பாட்டுக்கு உலகில் இரண்டு ஊர்களை எடுத்துக்காட்டுவார்கள். ஒன்று, அமெரிக்காவின் லாஸ் வேகாஸ். அங்கே 1940-களில் 'எல் ராஞ்சோ வேகாஸ்' என்ற ஓட்டல் ஒரு டாலருக்கு இப்படி ஒரு விருந்தைத் தொடங்கியது. சூதாட வந்தவர்கள் பசிக்காக வெளியே போய்விடக் கூடாது என்பதுதான் நோக்கம். சாப்பாட்டில் விட்ட காசைச் சூதாட்ட மேஜையில் எடுத்துவிடலாம். மற்றொன்று டோக்கியோ. அங்கே இம்பீரியல் ஓட்டல் 1958-ல் இப்படி ஓர் உணவகத்தைத் திறந்து, அதற்கு 'வைக்கிங்' என்று பெயர் வைத்தது. இன்றைக்கும் ஜப்பானியர்கள் பஃபேயை 'வைக்கிங்' என்றுதான் சொல்கிறார்கள்.

எட்டயபுரத்து மெஸ்காரருக்குச் சூதாட்ட மேஜை இல்லை. பிறகு எப்படிக் கட்டுப்படியாகிறது? ஒருவர் மூன்று முறை சோறு வாங்குவார். பக்கத்து இலைக்காரர் முதல் சோற்றோடு மோருக்குப் போய்விடுவார். நூறு இலைக்கு இவ்வளவு அரிசி என்று கடைக்காரருக்கு அனுபவத்தில் தெரியும். சாம்பாரும் ரசமும் சோற்றை இழுத்துக்கொண்டு போகும். செலவு பிடிக்கும் பண்டங்கள் கரண்டி அளவோடு நிற்கும். இந்தச் சராசரி சரியாக ஓடும்வரை பலகையில் 'ஃபுல் மீல்ஸ்' இருக்கும். அரிசியும் பருப்பும் சிலிண்டரும் ஒன்றாக விலையேறினால் சராசரி உடையும். அப்போது பலகை 'அளவுச் சாப்பாடு' என்று மாறும்.

மாறினால் யாருக்கு நஷ்டம்? கோயில், நினைவிடம் பார்க்க வந்தவர்களுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை. பக்கத்தில் பழக்கடையோ, பேக்கரியோ பார்த்துக்கொள்வார்கள். நஷ்டம், ஒருவேளைச் சாப்பாட்டை நம்பி முழுநாளும் உழைப்பவருக்குத்தான். எட்டயபுரத்தின் சனிக்கிழமை ஆட்டுச்சந்தை தென்மாவட்டங்களில் பேர்போனது. தீபாவளி, பக்ரீத் நெருங்கினால் கூட்டம் தாங்காது. இருட்டு பிரியும் முன்பே ஆடுகளோடு வந்து இறங்குபவர்கள், லோடு ஏற்றுபவர்கள், லாரி ஓட்டுபவர்கள், காட்டு வேலை முடித்து வருபவர்கள் என்று மதிய இலையில் உட்காரும் பலருக்கும் அந்த இரண்டாவது சோறுதான் உண்மையான சாப்பாடு.

நெல்லுச்சோறு பண்டிகைச் சோறாக இருந்த மண்

இது கரிசல் பூமி. வற்றாத ஆறு கிடையாது. வடகிழக்குப் பருவமழையை நம்பிய மானாவாரி விவசாயம். உளுந்து, பாசி, பருத்தி, மிளகாய், கொத்தமல்லி, மக்காச்சோளம் என்று காடு நிறைய விளையும். நெல் அவ்வளவாக விளையாது. அதனால் அரை நூற்றாண்டுக்கு முன்புவரை இங்கே அன்றாடச் சாப்பாடு கம்பஞ்சோறு, சோளச்சோறு, குதிரைவாலிச் சோறுதான். 'நெல்லுச்சோறு' தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் உரியது. பக்கத்து ஊரான இடைசெவலில் பிறந்த கி.ராஜநாராயணனும் கு.அழகிரிசாமியும் எழுதிய கரிசல் வாழ்க்கை இந்தத் தட்டுப்பாட்டுக்குள் நடந்த வாழ்க்கைதான்.

நெல்லுச்சோற்றை எண்ணி எண்ணிப் பார்த்த ஊரில், கேட்கக் கேட்கப் போடும் சோறு லேசுப்பட்ட விஷயமில்லை. பெரியவர்கள் சிலர் இன்றும் இலையில் ஒரு பருக்கை விடாமல் வழித்துச் சாப்பிடுவதற்குப் பின்னால் அந்த ஞாபகம் இருக்கிறது.

காசே வாங்காத பந்தியும் இந்த வழியில் உண்டு. தமிழகக் கோயில்களில் அன்னதானத் திட்டம் 2002-ல் தொடங்கியது. நாள் முழுவதும் அன்னதானம் 2012-ல் ஸ்ரீரங்கத்திலும் பழநியிலும் தொடங்கி, 2022-ல் திருச்செந்தூருக்கும் வந்தது. திருச்செந்தூர் போகும் குடும்பங்கள் இதையும் பயணத் திட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

பில்லைப் பார்க்கும்போது

பயணத்தில் மதுரையிலோ தூத்துக்குடியிலோ பஃபேக்குப் போகிறவர்கள் விளம்பரத்தில் உள்ள விலையோடு வரி சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சாதாரண ஓட்டல்களில் ஜி.எஸ்.டி 5 சதவிகிதம். காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் சிறிய கடைகள் வாடிக்கையாளரிடம் ஜி.எஸ்.டி வசூலிக்கக் கூடாது. சர்வீஸ் சார்ஜைத் தானாக பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் வழிகாட்டுதல் வெளியிட்டது. 2025-ல் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதைக் கொடுப்பதும் கொடுக்காததும் சாப்பிடுபவரின் விருப்பம். வார நாள் மதியத்துக்கு ஒரு விலை, ஞாயிறு இரவுக்கு ஒரு விலை இருக்கலாம். குழந்தைகளுக்கான விலையையும் கேட்டுக்கொண்டு உட்காருங்கள்.

சின்ன மெஸ்ஸில் இவ்வளவு கேள்விகள் தேவைப்படாது. அங்கே கவனிக்க வேண்டியது இலையைத்தான். பரிமாறுபவர் சோற்று வாளியோடு வரும்போது பேச்சு சுவாரஸ்யத்தில் தலையாட்டிவிடாதீர்கள். போதும் என்றால் இலைக்கு மேல் கையை நீட்டிவிட்டால் போதும், அவர் அடுத்த இலைக்குப் போய்விடுவார். வேண்டும் என்றால் கூச்சப்படாமல் கேளுங்கள். சாம்பாருக்கு ஒரு சோறு, ரசத்துக்கு ஒரு சோறு, மோருக்கு ஒரு சோறு என்று வாங்குவதுதான் முறை. முதல் சோற்றிலேயே மலையாகக் குவித்துவிட்டு, பாதியை இலையோடு மூடி எறிந்தால் அந்த அரிசியும் கடைக்காரரின் நூறு இலைக் கணக்கில்தான் விழும். பலகை மாறுவதற்கு விலைவாசி மட்டும் காரணமாக இருப்பதில்லை.

கிளம்பும்போது கோவில்பட்டிக் கடலைமிட்டாய் வாங்க மறந்துவிடாதீர்கள். 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற பண்டம் அது. ஆனால், அதை எடை போட்டுத்தான் தருவார்கள்!